வேன் அக்கா ஃபோன் வாங்க வந்தார்

எதையும் ஒற்றையாகக் காட்டினால் வேன் அக்கா அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல மாட்டார். "இன்னொண்ணு எங்க?" என்றுதான் கேட்பார். எங்கள் ஊர் ஆயர் ஈத்தாம் சந்தையில் மீன்காரர் ஒரு மீனைத் தூக்கிக் காட்டினால், இவர் கூடைக்குள் கையை விட்டு இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைப்பார். இரண்டின் செவுளையும் திறந்து பார்ப்பார். பல நாள் இரண்டையும் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவருக்குக் காதில் விழாது.

"ஒத்தையா இருந்தா எல்லாமே அழகுதான் தங்கச்சி. பக்கத்துல ஒண்ண வையி, அப்பத் தெரியும் சங்கதி."

எங்கள் அடுக்குமாடியில் எங்களுக்கு இரண்டு மாடி கீழே குடியிருந்தார். கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்தவர், மகன் சிங்கப்பூரில். அக்காவுக்கு ஒரு வெள்ளை வேன் இருந்தது. காலையிலும் மத்தியானமும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போய்க் கொண்டுவந்து விடுவார். அவர் வயதுக்குப் பிள்ளைகள் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும். எப்போதோ யாரோ ஒரு பிள்ளை அக்கா என்று ஆரம்பித்து, அதுவே நிலைத்துப்போனது. கோயிலில் அவரோடு பாட்டுப் பாடுகிறவர்கள்கூட வேன் அக்கா என்றுதான் சொல்வார்கள்.

என் மகள் தர்ஷினி முதல் வகுப்பில் சேர்ந்த வருடம் எந்த வேனில் அனுப்புவது என்று எனக்குக் குழப்பம். எங்கள் புளோக்கிலிருந்து, அதாவது எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து, இரண்டு வேன்கள் போயின. ஒன்று அக்காவுடையது. இன்னொன்று சந்தைக்கருகில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாயுடையது. இரண்டு பேருக்கும் பல வருடமாகப் போட்டி. ஒரு பிள்ளை இந்த வேனிலிருந்து அந்த வேனுக்கு மாறினால் ஒரு வாரத்துக்கு இருவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அக்காவிடமே போய்க் கேட்டேன்.

"ஒரு வாரம் பாய் வேன்ல அனுப்பு. அடுத்த வாரம் என்கிட்ட அனுப்பு. அப்பறம் பிள்ளையையே கேளு" என்றார்.

தன் வாடிக்கையைப் போட்டிக்காரனிடம் அனுப்பும் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்படியே செய்தேன். இரண்டு வாரம் முடிந்ததும் தர்ஷினி சொன்னாள்: "பாய் வேன்ல பாட்டு போடுறாங்கம்மா. அக்கா பாட்டே போட மாட்டேங்குறாங்க."

"அப்ப பாய் வேனா?"

"இல்ல. அக்கா வேன். அக்கா ஓட்டுனா தூக்கம் வருது."

உண்மைதான். அந்த வேன் குலுங்கியதே இல்லை. நிறுத்தும்போது நின்றதே தெரியாது. அதில் ஒரு கீறல் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் பிள்ளைகளையும் அப்படித்தான் பார்ப்பார், இன்றைய முகத்தை நேற்றைய முகத்தின் பக்கத்தில் வைத்து. ஒருநாள் காலை, வேன் கதவைத் திறந்து தர்ஷினியை ஏற்றப் போனவர் கையை எடுத்துவிட்டார். "நேத்து இருந்த மொகம் இல்லியே இது. கிளினிக் கூட்டிட்டுப் போ." காய்ச்சல்கூட அப்போது இல்லை. எனக்கு வேலைக்கு நேரமாகிறது. "ஒண்ணும் இல்லக்கா, தூக்கக் கலக்கம்" என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு எங்கள் இருவரையும் வெளியே விட்டுப் போயே போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாயங்காலம் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. மறுநாள் டெங்கி என்றார்கள். அன்றிலிருந்து அவர் கண்ணை நான் என் கண்ணைவிட நம்பினேன்.

அந்தக் கண்ணைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

தர்ஷினி மூன்றாம் வகுப்புக்கு வந்த வருடம் ஒரு சம்பவம் நடந்தது. அக்கா வேனில் வந்த சின்னப் பையன் ஒருவனின் அம்மா, தான் வர நேரமாகும், பையனை எட்டாம் புளோக்கில் அத்தை வீட்டில் விட்டுவிடுங்கள் என்று மெசேஜ் போட்டிருக்கிறார், புளோக்கை 8 என்று எண்ணில். அக்கா அவனை மூன்றாம் புளோக்கில் இறக்கிவிட்டார். அத்தை வீடு தெரியுமா என்று கேட்டதற்கு அவனும் தெரியும் என்று தலையாட்டியிருக்கிறான். மூன்றாம் புளோக்கில் அவனுக்குத் தெரிந்த வீடே இல்லை. அம்மா வந்து தேடி, அத்தை தேடி, அக்கா ஓடி, நாங்கள் எல்லாரும் படிக்கட்டுகளில் பேர் சொல்லிக் கத்திக்கொண்டு ஏறி இறங்கினோம். கடைசியில் மூன்றாம் புளோக்கின் தபால் பெட்டிகளுக்குக் கீழே, புத்தகப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழவில்லை. அக்காதான் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பையனின் அப்பா சும்மா விடவில்லை. "எட்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

அக்கா தன் ஃபோனை எடுத்து எல்லாரிடமும் நீட்டினார். "இதப் பாருங்க. மூணு மாதிரிதான தெரியுது? ஸ்க்ரீன் மங்கிப்போச்சு. நடுவுல நடுவுல எழுத்தக் காணோம்." நாங்கள் பார்த்தோம். பழைய ஃபோன், வெளிச்சம் குறைவுதான், ஓரத்தில் விரிசலும் இருந்தது. பிரச்சினை ஃபோனில்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். எனக்கு அது எட்டாகத்தான் தெரிந்தது. ஆனால் நான் வெயிலுக்குக் கையால் மறைத்துப் பார்த்தேன். அவர் வேன் ஓட்டுகிற அவசரத்தில் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அப்போது கொம்தார் கோபுரத்துக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்த ஒரு ஃபோன் கடையில் விற்பனைக்கு இருந்தேன். "நல்ல ஸ்க்ரீனா ஒண்ணு வாங்கணும், இன்னொரு தடவ இப்படி நடக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு, மறுநாளே காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு அக்கா கடைக்கு வந்துவிட்டார். வேனை எதிரே நிறுத்தியிருந்தார்.

நான் ஒரு ஃபோனை எடுத்து நீட்டினேன்.

"இன்னொண்ணு எங்க?"

சிரித்துக்கொண்டே வேறு வகைத் திரை கொண்ட இன்னொன்றை எடுத்தேன். ஃபோன் திரையில் பெரும்பாலும் இரண்டு வகைதான் என்று எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். எல்சிடி என்றால் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் புள்ளிகள் அந்த வெளிச்சத்தை விடும், மறைக்கும். என்னதான் மறைத்தாலும் கறுப்பு கொஞ்சம் சாம்பலடித்த மாதிரி இருக்கும். அமோலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்தே போய்விடும். நிறம் பளிச்சென்று இருக்கும். ஆனால் வரைபடம் மாதிரி ஒரே படத்தை நாள் முழுக்க வைத்திருந்தால் வருடக்கணக்கில் அதன் தடம் விழலாம். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் சிலருக்குத் தலைவலி வரும், கண்ணுக்குத் தெரியாமல் அது மின்னிக்கொண்டே இருப்பதால்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இரண்டையும் கைக்கொன்றாக எடுத்துக்கொண்டு நேரே வெளியே, வெயிலுக்குப் போய்விட்டார். ஃபோன்களைக் கட்டியிருந்த பாதுகாப்புக் கம்பி அறுந்து அலாரம் அலறியது. எங்கள் தவுக்கே, அந்தக் கடையின் சீன முதலாளி, கல்லாவிலிருந்து பாய்ந்து ஓடினார். அக்கா நடைபாதை ஓரத்தில் நின்று வெயிலில் இரண்டு திரையையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பிடித்திருந்தார்.

"இங்கதான தெரியணும்? கடைக்குள்ள எல்லா ஃபோனும்தான் தெரியும்" என்றார் தவுக்கேயிடம், தமிழிலேயே. தவுக்கே என்னைப் பார்த்தார். நான் மலாயில் மன்னிப்புக் கேட்டேன்.

வெயிலில் அமோலெட் ஜெயித்தது. அடுத்து, வேன் ஓட்டும்போது போடும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எல்சிடி ஃபோனை டேஷ்போர்டில் வைப்பதுபோலப் படுக்கப் பிடித்தார். திரை கறுத்தே போனது. நிமிர்த்தினார், தெரிந்தது. படுக்க வைத்தார், போனது. அந்த மாதிரிக் கண்ணாடியில் சில ஃபோன்கள் அப்படித்தான் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

"பாத்தியா தங்கச்சி? நீ இத சொல்லவே இல்லியே."

வாங்காமல் போய்விட்டார். யோசிக்கணுமாம். அடுத்த நாள் மறுபடி வந்தார். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு சோதனை. தவுக்கே அவர் வேன் வந்து நிற்பதைப் பார்த்தாலே பின்னால் எழுந்து போய்விடுவார்.

கடைசியாக வந்த அன்று தன் வீட்டு கிரில் கதவைப் படம் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். இரும்புக் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் சாதாரண கிரில். "நேரான கோடு நேரா தெரியுதான்னு பாக்கணும்" என்றார். படத்தை முதல் ஃபோனுக்கு அனுப்பித் திறந்து கொடுத்தேன்.

"இது வேணாம். நடுவுல வளையுது."

அது ஓரம் வளைந்த கண்ணாடி வைத்த விலை கூடிய ஃபோன். அதனால் இருக்கும் என்று தட்டையான ஒன்றைக் கொடுத்தேன்.

"இதுவும் வளையுதேம்மா."

இன்னொன்று. எல்சிடி. "இதுவுந்தான். என்னா கடை வச்சிருக்கீங்க? எல்லாம் டிஸ்ப்ளே செட்டு, அடிபட்டது போல."

நான் அந்தப் படத்தை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். கம்பிகள் அடித்துவைத்ததுபோல நேராக இருந்தன. என் சொந்த ஃபோனில் திறந்தேன். நேர்.

"எங்கக்கா வளையுது? தொட்டுக் காட்டுங்க."

நடுவில் தொட்டார். நான் படத்தை மேலே தள்ளினேன், அவர் காட்டிய இடம் திரையின் உச்சிக்குப் போனது. "இப்ப?"

"இப்ப இங்க" என்று மறுபடி நடுவையே காட்டினார். "அது நேராயிடுச்சு, இது வளையுது."

"இந்த ஓரத்தப் பாருங்க."

"ஓரமா... இப்ப ஓரத்துல வளையுது."

வளைவு படத்தில் இல்லை. அவர் எங்கே பார்த்தாரோ அங்கே போனது. தர்ஷினி போன வாரம் சாப்பிடும்போது சொன்னது நினைவுக்கு வந்தது: "அம்மா, அக்கா இப்பல்லாம் கோழி மாதிரி தலையச் சாச்சு சாச்சு ஓட்டுறாங்க." நான் அதற்குச் சிரித்திருந்தேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பள்ளி விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவரும் பார்த்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"அக்கா, ஒரு நிமிசம். ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்களேன்."

"எதுக்கு?"

"ரெண்டையும் தனித்தனியா பாத்தாத்தான தெரியும்" என்றேன்.

அதை அவரால் மறுக்க முடியவில்லை. உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்தினார். கிரில்லைப் பார்த்தார். "நேராத்தான் இருக்கு." கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினார்.

ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார். பிறகு நிமிர்ந்து, கண்ணைப் பொத்தியபடியே என் முகத்தைப் பார்த்தார்.

"ஒன் மூக்கக் காணோம்" என்றார். "காது தெரியுது. முடி தெரியுது. நடுவுல கரும்பொக மாதிரி."

நான் அவர் கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

"ஒண்ணுமில்ல. நேத்து சரியா தூங்கல. ஒரு கண்ணு நல்லாத்தான இருக்கு? ஒரு கண்ணோட எத்தன பேரு காடி ஓட்டுறான்."

"அக்கா, இன்னிக்கு ஓட்டாதீங்க."

"அப்ப பிள்ளைங்க? கேட்ல நிக்கும்லா!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "நீ வந்து ஏத்துவியா? ஒனக்கு வேன் ஓட்டத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிள் மட்டும்தான். அவர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். நான் தவுக்கேயிடம் ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஓடிப்போய் வேனின் முன் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"எறங்கு" என்றார்.

"மாட்டேன். என் பிள்ளையும் அங்கதான் நிக்குது."

அக்கா சாவியைத் திருகினார். வண்டியை எடுத்தார்.

டத்தோ கிராமாட் சாலையில் அந்த நேரத்தில் எப்போதும் நெரிசல். மோட்டார் சைக்கிள்கள் வலது பக்கமாக உரசிக்கொண்டு போகும். ஒவ்வொன்று போகும்போதும் நான் கதவுப் பிடியை இறுக்கினேன். அக்கா வழக்கம்போல மெதுவாகத்தான் ஓட்டினார். ஆனால் இத்தனை நாள் பின்னால் தூங்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் பார்க்காததை நான் முன்னாலிருந்து பார்த்தேன். முன்னால் போன லாரி நின்றபோது அவர் வெகுதூரம் முன்பே பிரேக்கை அழுத்தினார்; பிறகு கொஞ்சம் விட்டு, கொஞ்சம் அழுத்தி, தடவித் தடவிப் போய் நின்றார். இருட்டறையில் சுவரைத் தேடுகிற மாதிரி. அவ்வளவு மென்மையாக வண்டி நின்றதே அதனால்தானோ, எப்போதிலிருந்து இப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

சிவப்பு விளக்கில் நின்றோம். அக்கா இடது கையைத் தூக்கி இடது கண்ணைப் பொத்தி, முன்னால் நின்ற காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். கையை மாற்றினார். மறுபடி மாற்றினார். அவர் உதடுகள் அசைந்தன, படித்துப் பார்க்கிறார். விளக்கு பச்சையானது. முன்னால் நின்ற கார் போய்விட்டது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். வேன் அசையவில்லை.

"அக்கா..."

"இரு."

ஹார்ன்கள் கூடின. ஒருவன் ஜன்னலருகே மோட்டார் சைக்கிளை நிறுத்தித் திட்டிவிட்டுப் போனான். அக்கா இடது பக்க சிக்னலைப் போட்டார். ஊர்ந்து ஊர்ந்து, கொஞ்ச தூரத்தில் இருந்த ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் திருப்பினார். பம்புகளுக்குப் பக்கத்தில் போகாமல் வெகு தள்ளிச் சுவரோரமாக நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தார். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"பாய் நம்பர அழுத்து" என்று தன் ஃபோனைக் கொடுத்தார். "நான் அழுத்துனா தப்பா போயிடும்."

மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். பாய் எடுத்ததும், "என்னாக்கா, அதிசயமா இருக்கு?" என்றார்.

அக்கா ஸ்டியரிங்கைப் பார்த்தபடி பேசினார். "பாய், என் பிள்ளைங்கள நீங்க ஏத்திக்கணும்."

"எந்தப் பிள்ளை?"

"எல்லாரையும்."

பாய் சிரிப்பார், அல்லது பழைய போட்டிக் கணக்கை எடுப்பார் என்று நான் பயந்தேன். "என் வேன்ல எடம் பத்தாதுக்கா. மொதல்ல என் பிள்ளைங்கள விட்டுட்டுத் திரும்ப வர்றேன். ஒங்க பிள்ளைங்கள கேட்டுக்கு உள்ளயே நிக்கச் சொல்லி டீச்சருக்குச் சொல்லிடுங்க. வெளிய விட வேணாம்." பிறகு குரல் தாழ்ந்தது. "காடி அடிபட்டுச்சா? நீங்க நல்லா இருக்கீங்களா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன் பாய். கண்ணுதான் போச்சு."

ஃபோனை வைத்த பிறகுதான் அழுதார். சத்தமில்லாமல், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து. நான் ஆசிரியைக்கு ஃபோன் செய்தேன். பெற்றோர் குழுவுக்கும் ஏதாவது சொல்ல வேண்டுமே. "வேன் ரிப்பேருன்னு போட்டுடவாக்கா?" என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினார். குரல் பதிவு பொத்தானை நான் அழுத்திப் பிடிக்க, அவர் பேசினார். "வேன் அக்கா பேசுறேன். எனக்கு வலது கண்ணு நடுவுல தெரியல. இன்னிக்குத்தான் தெரிஞ்சது. அப்படியே ஒங்க பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போய்க்கிட்டு இருந்திருக்கேன். இனிமே ஓட்ட மாட்டேன். இன்னிக்கு பாய் வேன்ல வருவாங்க. என்கிட்ட கேக்கணும்னா சாயங்காலம் கீழதான் இருப்பேன்."

சாயங்காலம் நிஜமாகவே கீழே வந்து நின்றார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வேலை முடிந்து வந்த அப்பாக்களும் அம்மாக்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். தபால் பெட்டிக்கடியில் கிடைத்த பையனின் அப்பா மட்டும் நேராக எதிரே வந்து நின்றார். அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"எத்தன நாளா இப்படி?" என்றார்.

"தெரியல தம்பி" என்றார் அக்கா. "அதான் எனக்குப் பயமா இருக்கு. எத்தன நாளான்னே தெரியல."

அந்த அப்பா சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். அதைக் கேட்டபின் திரும்பி, லிஃப்ட் வந்தும் ஏறாமல் படிக்கட்டில் ஏறிப் போனார்.

மருத்துவமனையில் விழித்திரைக்குப் பின்னால் நீர் கசிகிறது என்றார்கள். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள், மாதம் ஒன்றாக. ஒவ்வொரு தடவையும் நான் போக முடியாவிட்டாலும் யாராவது ஒரு அம்மா கூடப் போனார். அவர் கண்ணில் கிரில் கம்பிகள் கொஞ்சம் நிமிர்ந்தன, முழுதாக நிமிரவில்லை. நல்ல கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் ஒருநாள் சொந்தக் கார் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னபோது, "பிள்ளைங்கள?" என்று கேட்டாராம். டாக்டர் யோசித்தாராம். அவர் யோசித்ததே போதும் என்று அக்கா வேனை விற்றுவிட்டார்.

அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் கடைக்கு வந்து ஃபோன் வாங்கினார். தவுக்கே தானே எழுந்து நாற்காலி போட்டார். நான் கேட்காமலே இரண்டு ஃபோன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இந்தத் தடவை வெளியே போகவில்லை. "வெயில்ல தெரியணும்ங்கறது இனி வேணாம்" என்றார். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, பெரிதாகக் கேட்டார். வெள்ளைத் திரை அந்தக் கண்ணைக் குத்துகிறதாம். எல்சிடியில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தது, அமோலெட்டில் கறுப்பாகவே இருந்தது. அமோலெட்டை எடுத்துக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் அவர் ஒரு பொருளை வாங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு சிங்கப்பூருக்கு மகனிடம் போய்விட்டார். முதலில் குரல் பதிவுகள் வந்தன, அப்புறம் குறைந்தன.

பாய் வேனில் பிள்ளைகள் போகத் தொடங்கிய அந்த முதல் காலையை நான் இன்னும் சொல்லவில்லை. இன்னும் நன்றாக விடியவில்லை. தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு நான் கீழே வந்தபோது, அக்கா வீட்டு உடுப்போடு சாலையோரம் நின்றுகொண்டிருந்தார், பிள்ளைகள் அவரைச் சுற்றி. இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர்போலக் கட்டினார், விட்டார், மறுபடி கட்டினார். முதல் நடையை முடித்துவிட்டுப் பாய் வேன் வந்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி உள்ளே விட்டார். பாய் எட்டி முன் கதவைத் திறந்துவிட்டார்.

"நீங்களும் வாங்கக்கா. ஒக்காந்துட்டு வாங்க."

"வேணாம் பாய். நீங்க பாத்துப் போங்க."

"நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்."

"தெரியும். போங்க."

கதவைச் சாத்தினார். வேன் கிளம்பி, ஜன்னலில் அப்பிய பிள்ளைகளின் முகங்களோடு சந்தைப் பக்கத்து வளைவை நோக்கிப் போனது. பாய் கொஞ்சம் வேகமாகத்தான் போனார். நான் அக்காவிடம் ஏதோ சொல்லத் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வேன் வளைவை நெருங்கிக்கொண்டிருந்தது. செருப்பிலிருந்து கழன்ற அவருடைய வலது கால் தார்ச்சாலையைப் பிரேக்போல அழுத்திக்கொண்டிருந்தது, விரல்கள் வெளுக்க.